அக்காவை வெளுக்க விடாதவள்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் மைக்கூடு. நிறத்தை வைத்துக் கேலிக்கு வைத்த பெயர்தான். முதல் நாள் வீட்டுக்கு வந்து அழுதாள். மறுநாள் அந்தப் பெயரைக் கண்டுபிடித்தவனிடம் நேராகப் போய், "ஆமாண்டா, மைக்கூடுதான். நான் இல்லாம நீ எதைத் தொட்டு எழுதுவ?" என்று கேட்டாள். அவன் பென்சிலில் எழுதுகிறவன் என்பது வேறு விஷயம். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பெரியவளாகி, கல்யாணமாகி, கடைத்தெருவில் போட்டோ அச்சடிக்கிற ஒரு கலர் லேபில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவள் மைக்கூடுதான். யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கச் சற்று நேரமாகும்.

லேபில் பிரிண்ட் மெஷினைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. காகிதம் மாற்றுவாள், மை மாற்றுவாள், வெளியே வரும் படங்களை வெட்டி உறையில் போடுவாள். படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து அனுப்புகிற ஆள் வேறு. அவனை எல்லாரும் 'டச்சப்' என்றே கூப்பிட்டார்கள். திரையில் கறுத்த முகம் ஒன்று வந்துவிட்டால் அவன் விரல்கள் யாரும் சொல்லாமலே வேலையைத் தொடங்கிவிடும். முகம் வெளுக்கும், மூக்கோரத்து நிழல் போகும், கன்னத்துக் குழி மேடாகும். கடைசியில் எல்லா முகமும் ஒரே அச்சில் வார்த்த சோப்புக்கட்டி மாதிரி வரும். மைக்கூடு முணுமுணுப்பாள். "உன்கிட்ட வந்தா எருமையும் பசுவாயிடும்டா" என்பாள். அவன் சிரிப்பான். முதலாளி சிரிக்க மாட்டார். அவர் கடை அது.

அவளுடைய அக்கா பஸ் டிரைவர். அந்த டிப்போவில் பஸ் ஓட்டிய முதல் பெண். ஓட்ட வந்த முதல் நாள், ஒரு ஆள் பஸ்ஸில் ஏறி, டிரைவர் சீட்டைப் பார்த்துவிட்டு, பேசாமல் இறங்கிவிட்டார். அக்கா வண்டியை எடுக்காமல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சார், அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான். அதையும் நான்தான் ஓட்டிட்டு வருவேன். இப்பவே ஏறிடுங்களேன்" என்றாள். ஏறினார். பின்னால் அவர் அந்த வண்டியின் நிரந்தரப் பயணியாகிவிட்டார்.

அத்தனை வருஷமும் வலதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்து ஓட்டியதில், அக்காவின் வலது கன்னம் இடது கன்னத்தைவிட ஒரு படி அதிகமாகக் கறுத்துப் போயிருந்தது. வலது கையும் அப்படித்தான், முட்டிவரைக்கும். அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. "இது சூரியன் போட்ட கையெழுத்து" என்பாள்.

அக்கா ஓய்வுபெறும் காலம் வந்தது. விபத்தே இல்லாமல் ஓட்டி முடித்தவர்களின் படத்தை டிப்போவின் ஓய்வறையில் மாட்டுவார்கள். சுவர் நீளத்துக்கு வரிசையாகக் கறுப்பு வெள்ளைப் படங்கள், எல்லாம் ஒரே அளவு. அக்காவின் படத்தை ஒரு கண்டக்டர் எடுத்தார். காமிரா பைத்தியம் பிடித்த மனிதர், ஆனால் நன்றாக எடுப்பார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தொப்பியோடு, காலை வெயில் ஜன்னல் வழியாக ஒரு பக்கமாக விழும்போது எடுத்திருந்தார். டிப்போ வழக்கமாகக் கொடுக்கிற லேபுக்கே அச்சடிக்க அனுப்பினார்கள். அது மைக்கூடு வேலை பார்த்த லேப்.

படம் மெஷினிலிருந்து அவள் கையில்தான் வந்து விழுந்தது.

முகம் சலவைக்குப் போய் வந்தது மாதிரி இருந்தது. வலது கன்னமும் இடது கன்னமும் ஒரே நிறம். தொப்பி, சட்டைக் காலர், தொப்பியின் நிழலில் இருந்த கண்கள், எல்லாம் சாம்பல். படத்தில் ஒரு இடத்தில்கூட உண்மையான கறுப்பு இல்லை. அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கவுன்ட்டருக்கு நடந்தாள். வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள்.

"அண்ணே, இது யாரு?"

முதலாளி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "உங்க அக்காதானே? நல்லா வந்திருக்கே."

"எங்க அக்கா இன்னும் உசுரோடதான் இருக்கா. அதுக்குள்ள சாம்பலாக்கிட்டீங்க."

"வாயை அடக்கிப் பேசு. மூஞ்சி தெரியணும்னுதான் வெளிச்சத்தக் கொஞ்சம் தூக்கிவிட்டிருக்கு. கறுப்பு மேல கறுப்பா அடிச்சா என்ன தெரியும்? அதோட இங்க்ஜெட்டுல ஆழமான கறுப்பெல்லாம் வராது. அதெல்லாம் இருட்டறைல கழுவுன காலத்தோட போச்சு."

"வராதா, உங்களுக்கு வரவைக்கத் தெரியலையா?"

வரிசையில் நின்ற யாரோ இருமினார்கள். முதலாளியின் முகம் சிவந்தது. "தெரிஞ்சவ நீயே அடிச்சுக்கோ. என் மெஷின்ல அடிக்கக் கூடாது."

"சரி" என்றாள் மைக்கூடு. கையுறையைக் கழற்றிக் கவுன்ட்டர் மேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

அவள் புருஷன் தையல்காரர். வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு தைப்பதில் அந்தப் பக்கத்தில் அவரைவிட்டால் ஆளில்லை. வீட்டு முன்னறைதான் அவர் கடை. மைக்கூடு வந்து வாசலில் நின்று, "வேலைய விட்டுட்டேன்" என்றாள். அவர் பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்றார்.

"வேலைய விட்டுட்டேன்னு சொல்றேன்."

"காதுல விழுந்துச்சு. சண்டை போட்டா உனக்குப் பசிக்குமே, அதான் கேட்டேன்."

ஒரு கட்டட வரைபட ஆபீஸில் பழைய பிரிண்டர் ஒன்று சும்மா கிடந்தது. பெரிய மெஷின். போட்டோவும் அடிக்கும், ஆனால் அவர்கள் அதில் வரைபடம் மட்டுமே அடித்திருந்தார்கள். அதை வாங்கி, தையல்காரரின் வெட்டு மேஜையின் ஒரு முனையில் வைத்தாள். கோட்டுகள் மறுமுனைக்கு ஒதுங்கின. கண்டக்டரிடமிருந்து அக்காவின் படத்தை, டச்சப்பின் கை படாத அசல் படத்தை, வாங்கி வந்தாள்.

தெரியும் என்று வீராப்புப் பேசிவிட்டு வந்தவளுக்கு உண்மையில் தெரியாது. லேபில் மெஷினே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், அவள் பொத்தானை அழுத்தினால் போதும். இங்கே எல்லாம் அவள் தலையில். முதல் படம் சாம்பலாக வந்தது. போதாததற்கு டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்தால் லேசாகப் பச்சையடித்தது. மெஷின் எல்லாக் கலர் மையையும் கலந்து கறுப்பு செய்துகொண்டிருந்தது. கறுப்பும் சாம்பல் மைகளும் மட்டும் போதும் என்று மாற்றினாள். பச்சை போயிற்று, சாம்பல் போகவில்லை. கறுப்பு மையைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். காகிதம் இதற்கு மேல் குடிக்க மாட்டேன் என்று துப்பியது. தொப்பி இருந்த இடத்தில் மை குட்டையாகத் தேங்கி, காகிதம் அப்பளமாக நெளிந்தது.

ஒரு நாள் காலையில் படம் வெளியே வந்ததும் கத்தினாள். "என்னங்க! இங்க வாங்க! பாருங்க, கறுப்பு!" தையல்காரர் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார். உண்மையிலேயே கறுப்பு. காலர் மடிப்பு கிணறு மாதிரி இருந்தது. மேஜையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். மத்தியானம் வந்து பார்த்தால் மறுபடி சாம்பல். யாரோ வந்து மாற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

மைக்கூடு நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் படத்தை முறைத்துக்கொண்டே இருந்தாள். தையல்காரர் ஒரு கோட்டுக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். தண்ணீர் தெளித்தார். தெளித்த இடமெல்லாம் கறுப்பு கூடிற்று.

"அதை நிறுத்துங்க."

"எதை?"

"இஸ்திரிய. அந்த இடத்தத் தொடாதீங்க." எழுந்து போய் கோட்டின் நனைந்த இடத்தையும் காய்ந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நனைஞ்சா ஏன் கறுக்குது?"

"நனைஞ்சா கறுக்கும். இதுல என்ன இருக்கு? காஞ்சா பழையபடி ஆயிடும். சாயம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மையில் குறையில்லை, குறை மேற்பரப்பில். அவள் வாங்கி வைத்திருந்தது சொரசொரப்பான மேட் காகிதம். ஈரமாக இருக்கும்வரை அதன் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தது. காய்ந்ததும் சொரசொரப்பு மேலே வந்து, அறையின் வெளிச்சத்தை வாங்கி எல்லாப் பக்கமும் இறைத்தது. கறுப்பின் மேல் ஒரு வெளிச்சத் தூசி. எவ்வளவு மை ஊற்றினாலும் அந்தத் தூசி போகாது.

முழுப் பளபளப்புக் காகிதத்தில் அடித்துப் பார்த்தாள். அக்கா குளியலறை ஓடு மாதிரி மின்னினாள். அதைக் கிழித்துப் போட்டாள். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு காகிதம் கிடைத்தது. கெட்டியானது, ஆற்றில் கிடந்து எடுத்த கல்லைப் போல அடங்கிய மினுமினுப்பு. அதில் அடித்துத் தொட்டதும் கறுப்பு விரலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கட்டைவிரலில் அக்காவின் தொப்பி. மெஷினில் இரண்டு கறுப்பு மை உண்டு. ஒன்று மேட் காகிதத்துக்கு, இன்னொன்று மினுமினுப்புக் காகிதத்துக்கு. எந்தக் காகிதம் போட்டிருக்கிறோம் என்று மெஷினுக்குச் சரியாகச் சொல்லாததால் அது தவறான கறுப்பைத் துப்பிக்கொண்டிருந்தது. சரியாகச் சொன்னாள். அப்போது படத்தில் வெள்ளைக் கோடுகள் விழுந்தன. வரைபட ஆபீஸ் அந்தக் கறுப்பைத் தொட்டதே இல்லை. மை வரும் துளைகள் காய்ந்து அடைத்திருந்தன. சுத்தம் செய், சோதித்துப் பார், மறுபடி சுத்தம் செய் என்று மெஷினோடு மல்லுக்கட்டினாள். "நீ அடங்குறியா, நான் அடங்குறேனா, பார்த்துடலாம்" என்று அதனிடம் சொல்வது தையல்காரர் காதில் விழும். துளைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

இந்தத் தடவை கறுப்பு வந்தது. மத்தியானமும் இருந்தது, மறுநாளும் இருந்தது. அக்காவை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள்.

அக்கா டியூட்டி முடிந்து, காக்கிச் சட்டையோடு வந்தாள். "எப்படி இருக்கு, சொல்லு" என்று மைக்கூடு நீட்டிய படத்தைக் கையில் வாங்கினாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

"என்னடி இது, கரண்டு போன நேரத்துல எடுத்த மாதிரி இருக்கு?"

மைக்கூட்டுக்குச் சுருக்கென்றது. "இந்தக் கறுப்பக் கொண்டுவர நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா?"

"நீ பட்ட பாடு இருக்கட்டும். என் வலது கன்னம் எங்க? தொப்பி, தலைமுடி, கன்னம் எல்லாம் ஒண்ணாக் கிடக்கு. அந்த லேப்காரன் எனக்கு வெள்ளையடிச்சான். நீ தார் பூசிட்ட. ரெண்டு பேரும் சேர்ந்து என்னை அழிச்சிட்டீங்க."

"உனக்கும் வெள்ளைதான் பிடிக்குதுன்னா போய் அதையே மாட்டிக்கோ!"

"என்னை என்ன கேட்டே? எப்படி இருக்குன்னு கேட்டே. சொல்லிட்டேன்." அக்கா படத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். காப்பிகூடக் குடிக்கவில்லை.

மைக்கூட்டுக்கு அடுத்த நாளும் கோபம் இருந்தது, ஆனால் அக்கா சொன்னது சரி என்பதும் கூடவே இருந்தது. ஆழமான கறுப்பு கிடைத்த சந்தோஷத்தில் அதைக் கண்ட இடத்திலெல்லாம் கொட்டியிருந்தாள். சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரு சோதனைத் துண்டு அடித்தாள். முதல் கட்டம் முழுக் கறுப்பு, அடுத்தது அதைவிட ஒரு நூலிழை வெளிச்சம், அதற்கடுத்தது இன்னொரு இழை. ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தால் முதலில் இருந்த பல கட்டங்கள் ஒட்டுமொத்தமாக ஒரே கறுப்பாகத் தெரிந்தன. அக்காவின் கன்னம் அந்தக் கும்பலில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. கட்டங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரியும்வரை அந்த இருண்ட பகுதியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சப் பக்கம் இழுத்தாள். முழுக் கறுப்பைச் சில இடங்களுக்கு மட்டும் விட்டாள். கண்மணி, தொப்பி விளிம்பின் அடி, காலர் மடிப்பு, ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களின் இடுக்கு. அவை அவ்வளவு கறுப்பாக இருந்ததால், கன்னம் கறுப்பாக இருந்துகொண்டே வெளிச்சமாகவும் இருந்தது.

பிறகு அக்கா வீட்டுக்குப் போனாள். சமாதானம் ஒன்றும் பேசவில்லை. "வந்து ஜன்னல்கிட்ட உட்காரு" என்றாள். அக்கா உட்கார்ந்தாள். மைக்கூடு படத்தை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கூட வந்திருந்த தையல்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தோள்பட்டை சரியா உட்கார்ந்திருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது. அக்கா படத்தை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தாள். "ரெண்டு கன்னமும் ரெண்டு மாதிரி இருக்கு" என்றாள். "அது போதும்டி."

பிரிவுபசார விழா ஒரு மத்தியானம் நடந்தது. ஓய்வறை நிறைய டிரைவர்கள், கண்டக்டர்கள், மெக்கானிக்குகள். மைக்கூடு படத்தைச் சட்டம் போட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். சுவரில் ஏற்கெனவே லேபிலிருந்து வந்த சாம்பல் படம் தொங்கியது.

"மாட்டியாச்சேம்மா" என்றார் டிப்போ மேனேஜர்.

"மாட்டினதைக் கழட்டலாம் சார். ஆணி அப்படியேதான் இருக்கு."

மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. கூட்டத்தில் தகராறு வேண்டாம் என்று நினைத்தார். கழற்றச் சொன்னார், புதியதை மாட்டச் சொன்னார். எல்லாரும் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. எதிரில் எரிந்த டியூப்லைட்டும், அதன் கீழே நின்ற கூட்டமும்தான் சட்டத்தின் கண்ணாடியில் தெரிந்தன. சுற்றியிருந்த வெளிறிய படங்களில் அவ்வளவாகத் தெரியாத பிரதிபலிப்பு, இந்தக் கறுப்பில் முகம்பார்க்கும் கண்ணாடி மாதிரி தெரிந்தது. கசமுசவென்று பேச்சு எழுந்தது.

"பார்த்தீங்களா?" என்றார் மேனேஜர் மெதுவாக. "ரொம்பக் கறுப்பு. எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கணும்னு இங்க ஒரு முறை இருக்கு."

மைக்கூட்டுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவள் பதில் சொல்லுமுன் மேடை நாற்காலியிலிருந்து அக்கா எழுந்தாள்.

"ராத்திரி வண்டில உள்ள லைட்டு எரிஞ்சா முன்கண்ணாடில ரோடா தெரியும்?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். "நம்ம மூஞ்சிதான் தெரியும். நாம என்ன பண்ணுவோம்?"

"லைட்ட அணைப்போம்" என்றது கூட்டம்.

அக்கா நடந்து போய் சுவிட்சைத் தட்டினாள். பிறகு ஒரு மெக்கானிக்கிடம் கை நீட்டினாள். அவர் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வந்தது. சட்டத்தைத் திருப்பி, பின்பலகையைக் கழற்றி, கண்ணாடியை உருவி எடுத்து, படத்தை மட்டும் திரும்பப் பொருத்தி மாட்டினாள். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக வந்து அதன் மேல் விழுந்தது.

முன்வரிசையில் இருந்த ஒரு டிரைவர் தன் வலது கன்னத்தைத் தடவினார். பக்கத்தில் இருந்தவரும் தடவினார். அப்புறம் அந்த அறையில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பழகிய அத்தனை பேரும் தங்கள் வலது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பே ஓய்வுபெற்ற ஒருவர், விழாவுக்கு வந்திருந்தவர், எழுந்து போய்ச் சுவரில் தன் படத்தைப் பார்த்தார். "என்னை மட்டும் ஏன்யா பவுடர் டப்பால முக்கி எடுத்திருக்காங்க?" என்றார். சிரிப்பு வெடித்தது. அவர் சிரிக்கவில்லை.

மேனேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இருந்தாலும் மேடம், முறைன்னு ஒண்ணு..."

"சார்" என்றாள் அக்கா. "இது தொங்கணும். இல்லன்னா எதுவும் வேண்டாம். என் ஆணி காலியாவே இருக்கட்டும். கேக்குறவங்களுக்கு நீங்க பதில் சொல்லிக்கோங்க."

"மேல கேட்டுச் சொல்றேன்" என்றார் மேனேஜர்.

மேலிடத்திலிருந்து இன்றுவரை பதில் வரவில்லை. படம் தொங்குகிறது. கழற்றிய பழைய படத்தை என்ன செய்வது என்று அன்று அவர் அக்காவிடம் கேட்டிருக்கிறார். "அந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியல சார். சொந்தக்காரங்க வந்தா குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

பவுடர் டப்பாக்காரர்தான் மைக்கூட்டின் முதல் வாடிக்கையாளர். அவருக்குப் பிறகு அவருடைய கூட்டாளிகள். தையல்காரரின் முன்னறையில் பாதி அவள் கடையாயிற்று. வாசலில் ஒரு பலகை மாட்டினாள்: 'இங்கே முகம் வெளுக்கப்பட மாட்டாது.' அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. மருமகளாக வரப்போகிற பெண்ணின் படத்தைக் கொண்டுவந்த ஒரு அம்மாள், நிறத்தைக் கொஞ்சமே கொஞ்சம் தூக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினாள். "பொண்ணு பிடிக்கலையா?" என்று மைக்கூடு கேட்டாள். "ஐயோ, பொண்ணு தங்கம்." "அப்ப படத்துல இருக்கிறது யாரா இருக்கணும்கிறீங்க?" அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். தையல்காரர் கோட்டுக்குப் பொத்தான் வைத்தபடி, "போற போக்கப் பார்த்தா நாம கோட்டு தைச்சுத்தான் சாப்பிடணும்" என்றார். "தைங்க" என்றாள் அவள்.

போன மழைக்காலத்தில் அவள் வாங்குகிற காகிதத்தின் வரத்து நின்றுவிட்டது. புதுக் காகிதத்தில் கறுப்பு மறுபடியும் சாம்பலாயிற்று. சோதனைத் துண்டை முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள், மெஷினைத் திட்டிக்கொண்டே. வாடிக்கையாளர்களிடம், சரியாக வரும்வரை எந்தப் படமும் வெளியே போகாது என்று சொல்லிவிட்டாள். காத்திருக்க முடிந்தவர்கள் காத்திருந்தார்கள். முடியாதவர்களுக்குக் கடைத்தெரு லேபுக்கு வழி சொல்லி அனுப்பினாள். அங்கே நின்ற நிலையிலேயே வெளுத்துத் தருவார்கள்.